பாலுண்ணியும் கைவைத்தியமும்

மன்னார்த் தீவின் கரைகளில் விடியற்பொழுதிலே வந்து சேரும் வள்ளங்களைச் சூழ்ந்து நிற்கும் மாந்தரின் கைகளை எப்பொழுதேனும் உற்றுநோக்கியிருக்கின்றீர்களா? வலையிற் சிக்கிய மீனைக் கழற்றும் கை, செதிலுரிக்கும் கை, கருவாட்டுக்கு உப்பிடும் கை, நண்டைப் பிரித்தெடுக்கும் கை ஆகிய இவையெல்லாம் நாள்தோறும் பல மணி நேரம் ஈரத்திலே ஊறுகின்றவை. மீன்முள்ளும் செதிலும் கீறிய சிறு காயம் ஆறுவதற்கு முன்னரே மறுபடியும் உப்புநீரில் அமிழ்கின்றவை. அத்தகைய கைகளிலே, விரல்மொழியிலும் நகத்தின் ஓரத்திலும், மிளகளவிலோ பயற்றளவிலோ கரடுமுரடான முளைகள் சில தோன்றியிருப்பதைக் காணலாம். அவற்றைத்தான் நம்மவர் பாலுண்ணி என்கின்றனர். தமிழகத்திலே மரு என்னும் பெயரே பெருவழக்கு.

பாலுண்ணி பெரும்பாலும் உயிருக்கு ஊறு செய்வதன்று, காய்ச்சல் தருவதுமன்று. ஆதலால் அதன்பொருட்டு வைத்தியரை நாடுவோர் சிலரே. வீட்டிலிருந்தபடியே மருந்து செய்வோர் பலர். ஊருக்கொரு மருந்து, வீட்டுக்கொரு முறை என்று அம்மருந்துகளும் பெருகியுள்ளன. அவற்றுட் சில பயன் தருவன, பல தீங்கற்றன, வேறு சிலவோ கண்ணொளியையே கெடுக்கக் கூடியன. எது எவ்வகையைச் சேர்ந்தது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் வேண்டும். அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெறிதாக நின்ற இடம்

எனக்குப் பத்து வயது நடந்தபோது என் வலக்கையில் ஏழு பாலுண்ணிகள் இருந்தன. பள்ளிக்கூடத்து முற்றத்தில் பிள்ளைகள் கைகோத்து வட்டமிட்டு விளையாடும் வேளையிலே, என் இடப்பக்கத்திற்கு ஆள் வருவதுண்டு; வலப்பக்கத்து இடம் மட்டும் வெறிதாகவே இருக்கும். "அவன்ரை கையைப் பிடிச்சால் எங்களுக்கும் வரும்" என்பர். எழுதும்போதும் உண்ணும்போதும் அக்கையை மறைப்பதே என் தொழிலாயிற்று. நோவில்லாத நோய்தான், ஆயினும் ஒரு சிறுவனுக்கு அது தந்த துன்பம் சிறிதன்று.

அவ்வேளையிலே என் சுற்றத்தார் ஒவ்வொருவரும் வைத்தியராயினர். முதலில் வந்தவர் அடுத்த வீட்டு மாமி. குதிரைவால் மயிரினாற் பாலுண்ணியின் அடியை இறுகக் கட்டினால் அது வாடி உதிரும் என்பது அவர் கொள்கை. மன்னாரிலே குதிரைக்கு எங்கே போவது? கழுதைகளுக்கோ அங்கே குறைவில்லை. பட்டினத்துத் தெருக்களில் இன்றும் அவை கூட்டங் கூட்டமாக உலாவுகின்றன. ஆகவே குதிரைக்குப் பதிலாகக் கழுதையின் வால்மயிர் கொண்டு கட்டினார். அகன்ற அடியையுடைய பாலுண்ணியில் மயிர் நிற்கவில்லை. வழுக்கி வழுக்கி விழுந்தது. ஒன்றிலே மட்டும் நின்று, புண்ணாகி, நான்கு நாட்கள் வலித்தது.

அடுத்து என் அம்மம்மா. வேலியோரத்து மணலிலே எருக்கலை பூத்துக் குலுங்கும். அதன் இலையைக் கிள்ளி வழிந்த பாலை ஈர்க்கிலில் எடுத்துக்கொண்டு, "கையை நீட்டடா ராசா, கண்ணிலே மட்டும் தொட்டுப்போடாதை மோனை" என்று சொல்லித் தொட்டு வைத்தார். மூன்று நாட்கள் அவ்வாறு நடந்தது. நான்காம் நாள் வெயிலில் வியர்த்த நான், மறதியாகப் புறங்கையாற் கண்ணைத் துடைத்துவிட்டேன். சற்றுக் கரித்ததேயன்றிப் பெரிதாக வலியில்லை. அதனால் ஒருவருக்கும் சொல்லவில்லை. மாலையில் விளக்கைப் பார்த்தபோது வலக்கண்ணுக்கு அது பனிமூட்டத்தினூடே தெரிவது போலிருந்தது. விளக்கைச் சுற்றி வட்டமொன்றும் தெரிந்தது. மறுநாள் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். துளிமருந்து விட்டுச் சில கிழமைகள் கழிந்த பின்னரே பார்வை தெளிந்தது. அந்நாட்களிலே அம்மம்மா என் கட்டிலருகில் அமர்ந்து, தம் கையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தமை இன்றும் என் நினைவை விட்டு அகலவில்லை.

இறுதியாகப் பெரியம்மா ஒரு பிடி உப்பைக் கொண்டுவந்து என் கையிலே தேய்த்து, அதனைக் கடலில் எறிந்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வீட்டுக்கு வரும்படி பணித்தார். உப்புக் கரைவது போலப் பாலுண்ணியும் கரைய வேண்டும் என்பது நேர்ச்சை. எறிந்தேன், வந்தேன். மாதங்கள் சில சென்றன. ஒருநாள் பார்த்தால் பாலுண்ணிகள் சிறுக்கத் தொடங்கியிருந்தன. இரண்டு மூன்று கிழமைகளுக்குள் ஏழும் தழும்பின்றி மறைந்தன.

மாமி தம் மயிர்க்கட்டே காரணம் என்றார். பெரியம்மா உப்பே காரணம் என்றார். எருக்கலம்பாலும் சும்மா இருந்திராது என்றார் அயலவர் ஒருவர். அம்மம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையிலே பெருமை யாரைச் சாரும்?

உண்ணி யாது?

இவ்வினாவுக்கு விடை காண்பதற்குப் பாலுண்ணி எவ்வாறு உண்டாகின்றது என்பதை அறிதல் வேண்டும். உரோமாபுரியிலே 1 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ் என்பவர் தம் மருத்துவ நூலில் இம்முளைகளைப் பல வகையாகப் பிரித்துள்ளார். அவற்றுள் ஒன்றுக்கு எறும்பு என்னும் பொருளுடைய கிரேக்கப் பெயர் வழங்கிற்று. உள்ளங்காலில் ஆழப் பதியும் பாலுண்ணியை வைத்தியர்கள் இன்றும் அப்பெயராற் குறிப்பதுண்டு.

இது தொற்றுகின்ற ஒன்று என்பதை ஐயத்துக்கு இடமின்றி நாட்டியவர் இத்தாலிய வைத்தியராகிய சியுபோ. அவர் 1907 ஆம் ஆண்டில், பாலுண்ணியை அரைத்துப் பெற்ற சாற்றைப் பற்றீரியாக்களும் புகமுடியாத நுண்வடியினூடே செலுத்தினார். வடிந்த தெளிநீரைத் தோலிற் செலுத்தியபோது அங்கே புதிய பாலுண்ணி முளைத்தது. ஆகவே பற்றீரியாவிலும் நுண்ணிய வைரசே இதற்குக் காரணம் என்பது தெளிவாயிற்று. 1949 ஆம் ஆண்டளவில் இலத்திரன் நுணுக்குக்காட்டியினால் அவ்வைரசுத் துணிக்கைகளைக் கண்ணாற் காணவும் முடிந்தது. மனிதப் பப்பிலோமா வைரசு என அழைக்கப்படும் இவ்வினத்தில் இன்று 200 க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன.

இவ்வைரசு தோலின் நுண்ணிய வெடிப்பினூடே புகுந்து, மேற்றோலின் அடிப்படைக் கலங்களிலே குடிகொள்கின்றது. அக்கலங்கள் அளவுக்கு மீறிப் பெருகித் தடிப்பதே பாலுண்ணி. தொற்றிய பின்னர் முளை வெளிப்படுவதற்குச் சில கிழமைகளும் ஆகலாம். பல மாதங்களும் ஆகலாம். அதனாலேயே எங்கே யாரிடம் தொற்றியது என்று ஒருவராலும் சொல்ல முடிவதில்லை. வானத்து மீன்களை எண்ணினாற் பாலுண்ணி வரும் என்று எங்களைச் சிறுபராயத்தில் அச்சுறுத்துவார்கள். கடல் கடந்த பிரேசில் நாட்டிலும் விண்மீனை விரலாற் சுட்டினால் விரலிலே மரு முளைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. காரணம் தெரியாத இடத்திலே கதை முளைப்பது எந்நாட்டுக்கும் பொதுவே.

மீன் தொழிலாளர் கையில் இது ஏன் மிகுதி என்பதற்கும் விடை இங்கேயே உண்டு. ஊறி மென்மையான தோலும் ஓயாத சிறு காயமும் வைரசுக்குத் திறந்த வாயில்கள். இவ்வைரசின் 7 ஆம் இலக்க வகை, இறைச்சி வெட்டுவோரிடத்தும் மீன் கையாளுவோரிடத்தும் சிறப்பாகக் காணப்படுவதைப் பிறநாட்டு ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். மனிதப் பப்பிலோமா வைரசு என்னும் பெயருக்கேற்ப இது மனிதரின் வைரசே. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்வது. ஆதலாற் கத்தியையும் கையுறையையும் துவாயையும் பலர் பொதுவாக வழங்காதிருத்தல் நன்று.

பெயர் ஒன்று, பொருள் மூன்று

நம் மக்கள் பாலுண்ணி என்று சொல்வதிலே வேறு இரண்டும் கலந்திருப்பதுண்டு. பிள்ளைகளின் கழுத்திலும் மார்பிலும் கக்கத்திலும் முத்துப்போல் மினுங்கும் சிறு பருக்கள் தோன்றும். ஒவ்வொன்றின் நடுவிலும் சிறு குழி இருக்கும். நசுக்கினால் வெண்ணிறமான பொருள் வெளிப்படும். இது வேறொரு வைரசினால் உண்டாவது. அம்மை இனத்தைச் சேர்ந்தது. மருத்துவ நூலோர் இதற்கு வழங்கும் பெயர், மென்மை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. முத்துச்சிப்பி முதலிய மெல்லுடலிகளைக் குறிக்கும் பெயரும் அச்சொல்லிலிருந்தே வந்தது. முத்துக்குளிப்பாற் பெயர்பெற்ற மன்னார்க் குடாவின் மக்களுக்கு இந்த உறவுமுறை சுவை தருவதாகும். இம்முத்துப் பருவும் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுள் தானே மறையும், நசுக்கினாற் பரவும்.

மற்றொன்று, வயது வந்தோரின் கழுத்திலே காம்புடன் தொங்கும் மென்மையான தோற்றசை. தமிழகத்தில் இதனையும் மரு என்றே சொல்வர். இது தொற்றுவதன்று.

உள்ளங்காலிலோ மற்றொரு மயக்கம் நேரும். காலாணி என்று பலர் வெட்டி எறிவது சிலவேளைகளிற் பாலுண்ணியாக இருக்கும். பாலுண்ணியாயின், உள்ளங்காலின் இயற்கையான ரேகைகள் அதன் மேலே ஓடாது விலகிச் செல்லும். மேற்றோலைச் சற்றுத் தேய்த்தாற் கரும்புள்ளிகள் தெரியும். அப்புள்ளிகளை வேர் என்று சொல்வோர் உளர். அவை வேரல்ல, குருதி உறைந்த நுண்குழாய்களின் நுனிகளே. பாலுண்ணிக்கு வேர் இல்லை. வேரோடு பிடுங்குவதாகத் தோண்டுவோர் தம் நற்றசையையே தோண்டுகின்றனர்.

சுடுவதும் கட்டுவதும் கரைப்பதும்

நம் கைவைத்தியங்கள் அனைத்தையும் சுடுவன, கட்டுவன, கரைப்பன என மூன்று வகைக்குள் அடக்கிவிடலாம்.

சுடுவனவற்றுள் முதன்மையானது எருக்கலம்பால். கள்ளிப்பால், பப்பாசிப்பால், அம்மான் பச்சரிசியின் பால், அரைத்த உள்ளி என்பனவும் இவ்வகையின. எருக்கலம்பாலிலும் பப்பாசிப்பாலிலும் புரதத்தை அரிக்கும் நொதியங்கள் உள்ளன. ஆகவே அவை தடித்த தோலைச் சிறிது அரிப்பது மெய்யே. எனினும் பாலுண்ணி எது, நற்றோல் எது என்பதை அவை அறியா. உள்ளியை இரவு முழுவதும் வைத்துக் கட்டித் தோல் வெந்துபோனவர்களைப் பற்றிய குறிப்புகள் மருத்துவ ஏடுகளில் உள்ளன. எருக்கலையில் இதயத்தைத் தாக்கும் நஞ்சும் உண்டு.

வெற்றிலைச் சுண்ணாம்பைச் சலவைச் சோடாவுடன் குழைத்து வைப்பது மற்றொரு முறை. இரசாயனம் கற்கும் மாணவர்கள் இதனைச் சிந்தித்துப் பார்க்கலாம். கல்சியம் ஐதரொட்சைட்டும் சோடியம் காபனேற்றும் நீரிலே கூடினாற் கல்சியம் காபனேற்று வீழ்படிவாகும். எஞ்சி நிற்பது சோடியம் ஐதரொட்சைட்டு, அதாவது எரிசோடா. சவர்க்காரம் காய்ச்சுவதற்கு உதவும் அக்கொடிய காரத்தையே அறியாமல் நாம் பிள்ளையின் விரலில் வைக்கின்றோம். பாலுண்ணி போகலாம், ஆயினும் ஆழ்ந்த புண்ணும், சிலருக்குத் தடித்து வளரும் தழும்பும் எஞ்சும்.

கட்டுவன என்பன மயிரினாலும் நூலினாலும் இறுக்குபவை. காம்புள்ள தோற்றசை இவ்வாறு கட்டினால் உதிர்வது உண்மையே. ஆயின் அது பாலுண்ணியன்று. அகன்ற அடியுடைய பாலுண்ணியிலே கட்டுவதனால் வருவது நோவும் புண்ணுமே. புண்ணின் வழியே வைரசு அயலிலும் பரவக்கூடும்.

கரைப்பன என்பன நேர்ச்சைகள். தமிழகத்து வைத்தீசுவரன் கோயிலிலே உப்பும் மிளகும் காணிக்கையாக இடுவதும், அங்குள்ள தீர்த்தக் குளத்தில் வெல்லத்தைக் கரைப்பதும் நெடுநாள் வழக்கம். கரைவதைக் கண்டு நோயும் கரையும் என்னும் நம்பிக்கை இதன் அடிப்படை. இந்நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலப் பேரறிஞராகிய பிரான்சிஸ் பேக்கன் இளமையிற் பாரிஸ் நகரில் இருந்தபோது அவர் கைகளிலே பாலுண்ணிகள் நிறைந்திருந்தன. ஆங்கிலத் தூதுவரின் மனைவியார் பன்றிக்கொழுப்புத் துண்டொன்றினால் அவற்றைத் தேய்த்து, அத்துண்டை வெயில் படும்படி சாளரத்திலே அறைந்து வைத்தார். கொழுப்பு உருக உருகப் பாலுண்ணியும் கரைய வேண்டும் என்பது கருத்து. ஐந்து கிழமைகளுள், சிறுவயது முதல் நீங்காதிருந்த ஒன்று உட்பட, யாவும் மறைந்தன. அறிவியலுக்கு வழிவகுத்தவருள் ஒருவரான பேக்கனே இதனை வியந்து எழுதிவைத்தார். அவர் மறைந்த பின்னர் அந்நூல் வெளிவந்தது. பாரிஸிலே கொழுப்பு, பேசாலையிலே உப்பு: செய்கை ஒன்றே.

மருந்தின்றி மறைவது எப்படி?

பேக்கனின் பாலுண்ணியும் என் பாலுண்ணியும் சேர்ந்தாற்போல ஒரே காலத்தில் மறைந்தமைக்குக் காரணம் நம் உடலிலேயே இருக்கின்றது. இவ்வைரசு குருதியிலே கலப்பதில்லை, மேற்றோலிலேயே ஒதுங்கியிருக்கின்றது. ஆதலால் உடலின் காவற்படை அதனை நெடுநாள் கண்டுகொள்வதில்லை. ஒருநாள் கண்டுகொண்டால், ஓரிடத்திலுள்ள வைரசை மட்டுமன்றி எல்லா இடங்களிலும் உள்ளவற்றை ஒருங்கே தாக்குகின்றது. ஏழு பாலுண்ணியும் ஒன்றாகப் போவதன் மறைபொருள் இதுவே.

1963 ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று இதற்குச் சான்று. இல்லமொன்றிலே வாழ்ந்த சிறுவர்களை இரண்டு ஆண்டுகள் அவதானித்தபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பாலுண்ணிகள் தாமாகவே மறைந்துவிட்டன. வயது வந்தோருக்கு இன்னும் நீண்ட காலம் செல்லலாம்.

இங்கே மாணவர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டிய பாடமொன்று உண்டு. தானே மாறும் நோய்க்கு எதனைச் செய்தாலும் அது மருந்தாகவே தோன்றும். ஒரு மருந்து மெய்யாகவே வேலை செய்கின்றதா என்று அறிய, அதனைப் பெற்றவரையும் பெறாதவரையும் ஒப்புநோக்க வேண்டும். 2002 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே வெளிவந்த சிறிய ஆய்வொன்று, தடித்த ஒட்டுநாடாவைப் பாலுண்ணியின்மேல் ஒட்டி வைத்தாற் போதும் என்று கூறிற்று. பலரும் மகிழ்ந்தனர். ஆயின் 2006 இல் ஒல்லாந்திலும் 2007 இல் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள், ஒட்டுநாடாவினால் அத்தகைய பெரும்பயன் இல்லையெனக் காட்டின. அறிவியலும் தன் கைவைத்தியத்தை மீண்டும் மீண்டும் சோதித்தே ஏற்கின்றது.

வீட்டிலே செய்யத்தக்கது

அவ்வாறு சோதனையிலே தேறிய மருந்துகளுள் எளியது சலிசிலிக் அமிலம். வில்லோ என்னும் மரத்தின் இலத்தீன் பெயரிலிருந்து இதற்குப் பெயர் வந்தது. மருந்துக்கடைகளிலே பெரும்பாலும் நூற்றுக்கு 15 முதல் 20 வரையான செறிவுள்ள பூச்சாக இது கிடைக்கும். எருக்கலம்பால் செய்யும் வேலையையே இதுவும் செய்கின்றது. ஆயின் அளவோடு செய்கின்றது. தடித்த தோலைப் படிப்படியாக உரித்து, உடலின் காவற்படையையும் தூண்டிவிடுகின்றது.

முறை இதுவாகும். பாலுண்ணியுள்ள இடத்தை இளஞ்சூட்டு நீரிலே ஐந்து முதல் பத்து நிமிடங்கள் ஊறவிடுக. மென்மையான மேற்றோலை நகம் தேய்க்கும் அரத்தினால், குருதி வராதபடி மெல்லத் தேய்த்து நீக்குக. அந்த அரத்தை வேறெதற்கும், வேறெவருக்கும் பயன்படுத்தலாகாது. சுற்றியுள்ள நற்றோலுக்கு வசலீன் பூசிவிட்டு, பாலுண்ணியின்மேல் மட்டும் மருந்தைத் தொட்டு வைத்து உலரவிடுக. இவ்வாறு நாள்தோறும் செய்தல் வேண்டும். பன்னிரண்டு கிழமைகள் வரையும் செல்லலாம். தோல் புண்ணானாற் சில நாட்கள் நிறுத்திப் பின்னர் தொடரலாம். பொறுமையே இம்மருந்தின் அனுபானம்.

வைத்தியசாலையிலே, வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை செல்சியசிலுள்ள திரவ நைதரசனைத் தொட்டு உறையவைக்கும் முறையும் உண்டு. அதனை வைத்தியரே செய்தல் வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள், காலிற் குருதியோட்டம் குறைந்தவர்கள், நோயெதிர்ப்பு வலு குன்றியவர்கள் ஆகியோர் வீட்டுமருந்து எதனையும் தொடாது வைத்தியரிடம் செல்வதே முறை. நீரிழிவுக்காரரின் காலிலே உணர்ச்சி குன்றியிருக்கும்; சிறு புண்ணும் பெரும் புண்ணாகும். முகத்திலும் மறைவிடங்களிலும் தோன்றுவனவற்றுக்கும் இம்மருந்து ஆகாது. முதுமையிலே புதிதாக முளைப்பது, குருதி கசிவது, நிறம் மாறுவது, விரைந்து வளர்வது, ஆறாதிருப்பது ஆகியவற்றைப் பாலுண்ணி என்று வீட்டிலிருந்தே முடிவு செய்துவிடலாகாது.

இவ்வைரசு இனத்துட் சில வகைகள் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்குவன. அதனைக் கண்டறிந்த செருமனிய அறிஞர் கரால்ட் சூர் கவுசனுக்கு 2008 ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவை வேறு, கையிலே பாலுண்ணி தரும் வகைகள் வேறு. ஆதலாற் பிள்ளையின் கையைக் கண்டு பெற்றோர் நடுங்கவேண்டியதில்லை. ஆனால் அப்புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை, இலங்கையில் 2017 ஆம் ஆண்டு முதல் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு ஏற்றத் தொடங்கினர். அந்த ஊசியைத் தவறவிடாதிருப்பது பெற்றோர் கடன்.

கண்ணைக் காப்பீர்

மற்றெல்லாவற்றையும் மறந்தாலும் வாசகர்கள் இதனை மறவாதிருக்க வேண்டும். எருக்கலம்பால் கண்ணிற் பட்டால் விழியின் முன்புறத்திலுள்ள தெளிந்த படலத்தின் உட்புறக் கலங்களை அது தாக்குகின்றது. படலம் நீரேறி வீங்குவதாற் பார்வை மங்குகின்றது. ஆயினும் உணர்ச்சியும் மரத்துப்போவதால் வலி அதிகம் தெரிவதில்லை. வலியில்லையே என்று வாளாவிருப்பதுதான் பெருந்தீங்கு. கள்ளிப்பாலோ கடும் எரிவைத் தந்து பார்வையைக் கெடுக்கும்.

இவற்றுள் எது கண்ணிற் பட்டாலும், வேறெதுவும் எண்ணாது, இமையை விரித்துப் பிடித்துச் சுத்தமான நீரினாற் குறைந்தது பதினைந்து நிமிடங்களுக்கேனும் இடைவிடாது கழுவுக. தாய்ப்பால் விடுவதும் எண்ணெய் விடுவதும் கூடா. கண்ணைக் கசக்கலாகாது. கழுவியதும், நோவு இருப்பினும் இல்லாதிருப்பினும், அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. பட்ட பால் எச்செடியினது என்பதையும் வைத்தியரிடம் கூறுக. காலத்தோடு சென்றாற் பார்வை பெரும்பாலும் மீளும்.

ஆகவே, என் பாலுண்ணிகளைப் போக்கிய பெருமை யாரைச் சாரும் என்னும் வினாவுக்கு விடை இதுதான்: மாமியையும் சாராது, பெரியம்மாவையும் சாராது. என் உடலே அவற்றைக் களைந்தது. ஆயினும் கடலில் உப்பெறிந்ததால் எனக்கு ஒரு தீங்கும் விளையவில்லை. காத்திருக்கும் மாதங்களை நம்பிக்கையோடு கழிப்பதற்கு அது உதவிற்று. நேர்ச்சை செய்ய விரும்புவோர் செய்க; எரிப்பனவற்றை மட்டும் வீட்டுக்குள் விடாதிருங்கள்.

பாலுண்ணி வந்த பிள்ளையை ஏளனம் செய்வதும் ஒதுக்குவதும் முறையன்று. அதனைச் சுரண்டாமலும் கடிக்காமலும் இருக்கப் பழக்குங்கள். அது பாவத்தின் அடையாளமன்று, நாளடைவில் நீங்குவது என்று எடுத்துச் சொல்லுங்கள். என் கை தெளிந்த பின்னர் பள்ளிக்கூடத்து வட்டத்தில் என் வலப்பக்கத்துக்கும் ஆள் வந்து நின்றது. அதற்கு அத்தனை மாதங்கள் சென்றிருக்க வேண்டியதில்லை. இன்று அத்தகைய பிள்ளையொன்று உங்கள் வகுப்பிலே இருக்குமானால், அதன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். விளையாட்டு முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கைகழுவினாற் போதும்.